லோங்கேவாலாவில் இறந்தவர்கள் இரண்டு பேர்

ஊரிலிருந்து யாராவது டெல்லிக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு நிரந்தர டூர் புரோகிராம் உண்டு. முதல் நாள் மலை மந்திர், குதுப்மினார். இரண்டாம் நாள் ஆக்ரா. மூன்றாம் நாள் கரோல்பாக்கில் பர்சைக் காலி செய்வது. கிளம்புகிற அன்று சாயங்காலம் இந்தியா கேட். 2019-ல் அதன் பக்கத்திலேயே தேசியப் போர் நினைவகம் திறந்தபிறகு அதுவும் இந்தக் கடைசி அயிட்டத்தோடு சேர்ந்துகொண்டது. டிக்கெட் கிடையாது என்பதால் எனக்கும் சந்தோஷம்.

போன மாதம் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். பத்தாவது படிக்கும் என் பையன்தான் கைடு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகவே பேசுவான், நடுநடுவே இந்தி வழுக்கி விழும்.

நினைவகத்தின் உள்வட்டம் ஒன்றில் ஆறு பெரிய வெண்கலச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு போர்க்களம். அதில் ஒன்று லோங்கேவாலா, 1971. பையன் அதைப் பார்த்ததும் குஷியாகிவிட்டான்.

"அத்தை, இது 'பார்டர்' படம்! சுனில் ஷெட்டி கண்ணிவெடியக் கட்டிப் பிடிச்சிட்டு டாங்க் மேல பாய்வாரே, அதான் இது. பாவம், செத்துப் போயிடுவார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"டேய், அவர் சாகலடா. பைரோன் சிங்னு பேரு. 2022 வரைக்கும் உயிரோட இருந்தார்."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அப்போ படம் ஜூட்டாப்பா?" (ஜூட் என்றால் பொய்.) அவன் குரலில் இருந்த ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. ஒரு மனிதர் சாகவில்லை என்று சொன்னதற்காக என் பையன் வருத்தப்படுகிறான்! அன்று ராத்திரி அக்காவை ரயிலேற்றிவிட்டு வந்தபிறகும் எனக்கு அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

*

கொஞ்சம் பின்னாடி போவோம்.

ஜே.பி. தத்தா இயக்கிய 'பார்டர்' வெளியானது 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. நான் டெல்லிக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முனிர்காவில் ஒரு அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். அன்று மாலை கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் தியேட்டரில், 'பார்டர்' ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தீப்பிடித்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஆரம்பித்த தீ. புகை மேலே பால்கனிக்குப் போனது. கூடுதல் நாற்காலிகள் போட்டதில் ஒரு பக்க வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சு முட்டி இறந்தவர்கள்.

டெல்லிக்காரர்கள் யாரும் இந்தப் படத்தின் பெயரை உப்ஹாரை நினைக்காமல் சொல்ல முடியாது. அந்த 59 பேரில் ராணுவ அதிகாரி ஒருவரும் இருந்தார். குதிரைப்படையைச் சேர்ந்த கேப்டன் மஞ்சிந்தர் சிங் பிந்தர். மனைவியும் சின்னக் குழந்தையும் அவரோடு இறந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து நாங்கள் மூவரும் வேறு தியேட்டரில் அதே படத்தைப் பார்த்தோம். உள்ளே போனதும் கதவுகள் எங்கே இருக்கின்றன என்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம் படம் ஆரம்பித்தது, எல்லாம் மறந்துவிட்டது. வீட்டிலிருந்து கடிதம் வரும் அந்தப் பாட்டு வந்தபோது எங்கள் மூன்று பேரில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி ரேட் குறையும்வரை காத்திருந்து ஊருக்குப் பேசிய காலம் அது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பாட்டில் துப்பாக்கி தெரியாது, கடிதம்தான் தெரியும். கடைசியில் வரும் பாட்டுக்கு நம்ம ஹரிஹரனுக்குத் தேசிய விருது கிடைத்தது கூடுதல் பெருமை. சுனில் ஷெட்டி வெடித்தபோது தியேட்டரே அழுதது. நானும்தான். இதில் என்ன வெட்கம்.

*

இனி நிஜத்தில் நடந்தது.

1971 டிசம்பர் 4 இரவு. ராஜஸ்தானில், ஜெய்சல்மேர் மாவட்டப் பாலைவனத்தில் ஒரு சின்னக் காவல் நிலை. பஞ்சாப் ரெஜிமெண்டின் 23-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். தலைவர் மேஜர் குல்தீப் சிங் சந்த்புரி. கூடவே எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பிரிவைச் சேர்ந்த சிலர். பைரோன் சிங் ராத்தோட் அவர்களில் ஒருவர்.

எல்லையோரம் ரோந்து போயிருந்த லெப்டினன்ட் தரம்வீர், டாங்குகள் வரும் சத்தத்தைக் கேட்டுச் செய்தி அனுப்புகிறார். வருவது நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்குகள், பின்னால் ஒரு பெரிய காலாட்படை. காலைச் சாப்பாடு லோங்கேவாலாவில், மதியச் சாப்பாடு ராம்கரில், ராத்திரிச் சாப்பாடு ஜெய்சல்மேரில் என்பதுதான் அவர்கள் திட்டம் என்று சொல்வார்கள்.

சந்த்புரி மேலிடத்தில் உதவி கேட்டார். விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் இருட்டில் தாக்க வசதியில்லாதவை, விடிந்தால்தான் வரும். இருந்து பிடித்துக்கொள்ளலாம், அல்லது பின்வாங்கலாம், முடிவு அவருடையது என்று பதில் வந்தது. அவர் இருப்பது என்று முடிவெடுத்தார்.

அதன்பிறகு நடந்ததைச் சினிமாவில் எடுத்தால் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று தோன்றுகிறது. டாங்குகள் நன்றாகக் கிட்டே வரும்வரை சுடாமல் காத்திருந்தார்கள். ஜீப்பில் பொருத்திய டாங்க் எதிர்ப்புப் பீரங்கியால் முதலில் வந்தவற்றை அடித்தார்கள். எதிரிகள் முள்கம்பி வேலியைப் பார்த்து, அதற்குப் பின்னால் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள் என்று நினைத்துத் தயங்கி நின்றார்கள். அங்கே அப்படிப் பெரிய கண்ணிவெடிப் பரப்பு எதுவும் கிடையாது. அந்தத் தயக்கத்திலேயே பொன்னான நேரம் போனது. சுற்றிப் போகலாம் என்று நகர்ந்த வண்டிகள் மணலில் சிக்கின. இப்படியே பொழுது விடிந்தது.

விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர்கள் வந்தன. பாலைவனத்தில் டாங்க் எங்கே ஒளிவது? எதிர்த்தரப்புக்கு மேலே பாதுகாப்பு விமானங்களும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்குகளை அவர்கள் இழந்தார்கள். சந்த்புரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

நம் பக்கம் அந்தக் காவல் நிலையில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

இரண்டு பேர்.

படத்தில் அத்தனை முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாகின்றன. நிஜத்தில் 120 பேரில் இரண்டு பேர். அக்‌ஷய் கன்னா நடித்த தரம்வீர் படத்தில் இறக்கிறார். நிஜ தரம்வீர் உயிரோடு திரும்பி, பின்னாளில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். பைரோன் சிங் சேனா பதக்கம் வாங்கினார், 1987-ல் ஓய்வு பெற்று ஜோத்பூர் பக்கம் சொந்தக் கிராமத்துக்குப் போனார். படம் வந்தபிறகும் 25 வருடம் வாழ்ந்தார். நாடெங்கும் டிவியில் ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் அவர் செத்துக்கொண்டிருந்தபோது, அவர் கிராமத்தில் உட்கார்ந்திருந்தார். 2022 டிசம்பர் 19-ல், ஜோத்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போது வந்த செய்தியைப் படித்துத்தான் பலருக்கு அவர் அதுவரை உயிரோடு இருந்ததே தெரிந்தது. எனக்கும் அப்படித்தான்.

*

படத்துக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். இல்லாவிட்டால் அநியாயம்.

ஜே.பி. தத்தாவின் தம்பி விமானப்படையில் பைலட்டாக இருந்து, விமான விபத்தில் இறந்தவர். அந்தப் படத்தில் இருக்கும் துக்கம் பொய்த் துக்கம் இல்லை. மேலும் அந்தப் படம் இல்லாவிட்டால் வேலூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு லோங்கேவாலா என்ற பெயரே தெரிந்திருக்காது. என் பையன் அந்த வெண்கலச் சிற்பத்தின் முன்னால் நின்றிருக்கவே மாட்டான், செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பான். ராணுவ வரலாற்று நூலைப் படித்து எத்தனை பேர் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் எடுத்தார்கள்? சினிமாவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் ஏராளம்.

துல்லியம் என்று சொல்லிக்கொண்டு சட்டைப் பித்தானையும் டாங்க் மாடலையும் எண்ணிக்கொண்டிருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கூட்டணியும் இல்லை. இரண்டரை மணி நேரத்தில் கதை சொல்ல வேண்டியவர் நான்கு பேரை ஒருவராக்குவார், ஒரு வாரத்தை ஒரு ராத்திரியாக்குவார். செய்துகொள்ளட்டும்.

அதேபோல, 1971 டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி 'காஸி' பற்றி 2017-ல் ஒரு படம் வந்தது. அதில் இரண்டு நீர்மூழ்கிகள் கடலுக்கடியில் மோதிக்கொள்கின்றன. காஸியை மூழ்கடித்தது 'ராஜ்புத்' என்ற போர்க்கப்பல் என்பது நம் கடற்படை சொல்வது. பாகிஸ்தான் தரப்பு அது உள்விபத்து என்கிறது. நீர்மூழ்கிச் சண்டை என்று இரண்டு தரப்புமே சொல்லவில்லை. அதையும் ரசித்துத்தான் பார்த்தேன்.

ஆனால் 'பார்டர்' செய்தது வேறு வகை மாற்றம். அதைப் புரிந்துகொள்ள, அதே நினைவகத்தில் இருக்கும் இன்னொரு வெண்கலச் சிற்பத்துக்குப் போக வேண்டும்.

*

ரெசாங் லா. 1962 நவம்பர் 18. லடாக்கில் சுஷூல் அருகே, பதினாறாயிரம் அடிக்கு மேல் ஒரு கணவாய். குமாவோன் ரெஜிமெண்டின் 13-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி. தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். எண்ணிக்கை? இங்கேயும் கிட்டத்தட்ட 120 பேர்தான். பெரும்பாலோர் ஹரியானாவின் அஹிர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நான் தினமும் மெட்ரோ பிடித்து ஆபீஸ் போகும் குருகிராம், அதைத் தாண்டி ரேவாரி, அந்தப் பக்கத்துப் பையன்கள்.

அங்கே விடிந்ததும் விமானம் வரவில்லை. நடுவில் மலை இருந்ததால் நம் பீரங்கிகளின் உதவியும் கிடைக்கவில்லை. 110-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு பனி கொஞ்சம் விலகிப் போய்ப் பார்த்தபோது, பதுங்கு குழிகளில் ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்துபோன உடல்கள் கிடைத்தன. அதன்பிறகுதான் உயிர் தப்பியவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஊர் ஒப்புக்கொண்டது. ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்டது.

இரண்டு சிற்பங்களையும் பார்த்துவிட்டு யோசித்தபோது எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. 'பார்டர்' படம் ரெசாங் லாவின் சாவுகளைக் கொண்டுபோய் லோங்கேவாலாவில் வைத்திருக்கிறது. இயக்குநர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. நாம் கேட்டது அதைத்தான். 120 பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பொறுமையாய்ப் பிடித்துக்கொண்டு, விடியும்வரை தாக்குப்பிடித்து, 118 பேர் வீட்டுக்குப் போனார்கள் என்றால் நமக்கு அழுகை வராது. அழுகை வராவிட்டால் அது வீரம் என்றே நமக்குத் தோன்றாது. என் பையனின் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்துக்குக் காரணம் இதுதான்.

ஒரு கம்பெனித் தலைவனின் வேலை என்ன? இடத்தை விடக்கூடாது, தன் பையன்களை முடிந்தவரை உயிரோடு கொண்டுவர வேண்டும். சந்த்புரி இரண்டையும் செய்தார். படம் அவருக்குப் பெரிய புகழைக் கொடுத்தது, வாஸ்தவம். ஆனால் அவர் செய்த இரண்டாவது காரியத்தை, செய்யாததாக மாற்றிவிட்டது. அவர் காப்பாற்றியவர்களைத் திரையில் சாகடித்துவிட்டு, அவர்களுக்காக அவரை அழவைத்தது. விமானப்படைக்கும் இதில் ஒரு பங்கு நஷ்டம். வெற்றியில் யார் பங்கு எவ்வளவு என்று பின்னாளில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குள் பெரிய தகராறே வந்து, அது கோர்ட்வரை போனது. சந்த்புரி 2018 நவம்பரில் காலமானார்.

இறந்த அந்த இரண்டு பேரும் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கற்பனைச் சாவுகளுக்கு நடுவே நிஜச் சாவுகள் தொலைந்துவிட்டன.

விவரம் சரியாக இருக்கவேண்டும் என்பது பண்டிதர்களின் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதே படத்தை மேட்னியில் பார்க்கப்போய் இறந்தவர்களின் குடும்பங்கள் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் உப்ஹாரில் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி மற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் கோர்ட் படி ஏறினார்கள். எந்தக் கதவு அடைபட்டிருந்தது, எத்தனை நாற்காலி கூடுதல், எத்தனை நிமிடம் தாமதம் என்று அவர்கள் பேசியதெல்லாம் விவரம்தான். சொந்தச் சாவு என்றால் மனிதர்கள் முதலில் கேட்பது என்ன நடந்தது என்பதைத்தான். மற்றவர்கள் வீட்டுச் சாவென்றால்தான் நமக்குக் கதை போதும் என்று ஆகிவிடுகிறது.

நிஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டே அழவைக்க முடியாதா? முடியும். 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' ஒரு உதாரணம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரில் ஷோபியான் மாவட்டத்தில் இறந்தார். 2015 ஜனவரி 26-ல் இதே டெல்லி ராஜபாதையில் அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் அசோக சக்ராவை வாங்கியதை நாங்கள் டிவியில் நேரடியாகப் பார்த்தோம். படத்திலும் சினிமாத்தனங்கள் இருக்கின்றன, சர்ச்சைகளும் வந்தன. ஆனால் அதன் மையத்தில் இருக்கும் சாவு நடந்த சாவு, அழுகிற மனைவி நிஜத்தில் இருப்பவர். எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

*

கடைசியாக, கொஞ்சம் சொந்தக் கதை.

அம்மாவின் தம்பி, என் மாமா, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் இருந்தவர். 'தம்பி' என்றுதான் அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் கூப்பிடுவார்களாம். 1971-ல் பஞ்சாப் எல்லையில், ஷகர்கர் பக்கம் இருந்தார். 'பார்டர்' பார்த்த சூட்டோடு அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"மாமா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"சுடறதா? நாங்க கண்ணிவெடி எடுக்கிறவங்கடா. ராத்திரில குனிஞ்சு மண்ணைக் குத்திக் குத்திப் பாத்துட்டே போகணும். நாங்க பாதை போட்டாத்தான் டாங்க் வரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாங்க பத்துப் பேர் போனோம். பத்துப் பேரும் வந்துட்டோம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அந்தப் பத்துப் பேர் யார், எந்த ஊர், எப்படி வந்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. 2009-ல் மாமா இறந்தார். பத்துப் பேரும் வந்துவிட்டோம் என்பதை அவர் எவ்வளவு பெரிய விஷயமாகச் சொன்னார் என்பது, போன மாதம் பையன் ஏமாற்றமாக என்னைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1997-ல் நானும் அதே முகத்தைத்தான் மாமாவுக்குக் காட்டியிருப்பேன்.

அக்கா போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் மறுபடி 'பார்டர்' போட்டுப் பார்த்தோம். பாட்டு வந்தபோது பழையபடி தொண்டை அடைத்தது, அதை மாற்ற முடியாது. படம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு வேலை செய்தோம். பாத்திரங்களின் பெயரை ஒரு பக்கம் எழுதி, நிஜத்தில் யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள், பிழைத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எதிரே எழுதினோம். தலைப்பாகையும் பதக்கங்களுமாகப் பைரோன் சிங் வயதான காலத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பையன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அச்சா ஹுவா" என்றான். நல்லதாப் போச்சு என்று அர்த்தம்.

இனி எந்தப் போர்ப் படம் பார்த்தாலும் எங்கள் வீட்டில் இந்த மூன்று கேள்விகளும் உண்டு. நீங்களும் வேண்டுமானால் செய்து பாருங்கள், அழுகை ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் ராணுவத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ தாத்தாவோ இருக்கலாம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். கூட யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

பி.கு: நினைவகத்தில், பெயர் பொறித்த கிரானைட் சுவர்கள் இருக்கும் வட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு களத்தில் இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் தமிழ்ப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். நிறையக் கிடைக்கும்.